சும்மா வருகிறவர்கள்

அனுப்புநர்:
ரொட்டிக்கடை மாடிவீட்டுச் சின்னவள்,
கடைவீதி.
(என் பெயரைவிட இந்த முகவரிக்கே தபால் ஒழுங்காக வந்து சேர்கிறது.)

பெறுநர்:
உயர்திரு நகரத் திட்ட அலுவலர் அவர்கள்,
நகர மன்ற அலுவலகம்,
முதல் மாடி.

பொருள்: கடைவீதிப் புத்துயிர்ப்பு வரைவுத் திட்டம் – பழைய பேருந்து நிலையக் காத்திருப்புக் கூடத்தை இடிக்கும் முடிவு – அம்முடிவுக்கு அடிப்படையான ஒரு சொல் பிழையானது – சொல்லைத் திருத்தவும் கூடத்தை விட்டுவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. கடைவீதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு.
2. அதன்மேல் எழுதப்பட்ட வரைவுத் திட்டம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. வரைவுத் திட்டத்தில் இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து உள்ளன. “கடைவீதிக்கு வருவோரில் பெரும்பாலோர் நோக்கம் ஏதுமின்றி வருகின்றனர்” என்பது முதல் வாக்கியம். “எனவே காத்திருப்புக் கூடம் பயனற்ற கட்டுமானமாகக் கருதப்பட்டு அகற்றப்படும்” என்பது இரண்டாவது. முதல் வாக்கியம் தவறு. இரண்டாவது அதன் தோள்மேல் நிற்கிறது. என் மனு இவ்வளவுதான். இனி வருவது விளக்கம்.

2. மற்றபடி திட்டத்தை வரவேற்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. தெருவிளக்கு வேண்டும். நடைபாதை வேண்டும். பூட்டிக் கிடக்கும் கழிப்பறை திறக்கப்பட வேண்டும். அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பற்றி ஆளுக்கொரு வரலாறு சொல்கிறார்கள், எதற்கும் ஆதாரம் இல்லை. திட்டத்தின் அட்டையில் இருந்த படம் எங்களுக்குப் பிடித்திருந்தது. வரிசையாக மரங்கள். அவற்றின் கீழே முகமில்லாமல் நடந்துபோகும் மனிதர்கள். ஆளுக்கு ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டோம். குடை பிடித்த உருவம் தன்னுடையது என்று என் அம்மா சொன்னார். அதே உருவத்தைத் தையல்காரரின் மனைவியும் கேட்டதால் சிறிது மனத்தாங்கல்.

3. பேருந்து நிலையம் ஊருக்கு வெளியே போன பிறகு கடைவீதி மெலிந்தது. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. இறங்கிய ஷட்டரில் சுவரொட்டி. அதன்மேல் இன்னொன்று. மழைக்கு எல்லாம் சேர்ந்து உரிந்து தொங்கும். நடுவில் கூடம் மட்டும் நின்றது. தகரக் கூரை, தூண்கள், உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுத்த சிமெண்டு பெஞ்சுகள். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கூரையின் துருவும் அதன் விளிம்புக்குக் கீழே பலருடைய கால்களும் தெரியும். கால்களை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன். பேருந்து வருவதில்லை. கால்கள் வருகின்றன.

4. இனி என் அக்காவைப் பற்றி. இம்மனு அவரைப் பற்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்கா கண் பரிசோதித்துக் கண்ணாடி அளவு சொல்லும் படிப்புப் படித்தவர். பெருநகரத்து மருத்துவமனை ஒன்றில் வேலையில் இருந்தார். ஒரு நாள் இரண்டு பைகளோடு வீட்டுப் படியேறி வந்தார். “என்னடி, சொல்லாம கொள்ளாம?” என்றார் அம்மா. “சும்மாதாம்மா” என்றார் அக்கா. அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை. “கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்” என்றார்.

காரணம் பல வாரம் கழித்து, துணி மடிக்கும்போது வந்தது. “அங்க எனக்கு முகமே மறந்துபோச்சுடி. கண்ணு மட்டும்தான் வரும். ஒரு கண்ணு, அடுத்த கண்ணு. ரோட்ல யாராவது வணக்கம் சொன்னா யாருன்னே தெரியாது. கிட்ட வந்து இமையைத் தூக்கிக் காட்டினாதான் தெரியும்போல.” சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தார்.

5. கூடத்தை ஒட்டி, சந்துக்கு இந்தப் பக்கம், வெகுநாள் பூட்டியிருந்த ஒரு கடையை அக்கா பேசி எடுத்தார். அகலம் குறைவு, நீளமும் குறைவு. உள்ளே நின்று கையை நீட்டினால் இரு சுவரும் தொடும். கண் பரிசோதனைக்கு எழுத்து அட்டை கண்ணிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பிரதிபலித்தால் பாதித் தூரம் போதும் என்பது அக்காவுக்குத் தெரியும். கடையில் அந்தப் பாதிக்கும் இடம் இல்லை. அக்கா வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டார். சந்தைத் தாண்டி எதிரே பார்த்தார். கூடத்தின் முதல் தூண், சரியான தூரத்தில்.

எழுத்து அட்டை அந்தத் தூணில் ஏறியது. மேலே பெரிய ‘ப’. கீழே வர வரச் சிறுத்து, கடைசி வரியில் எறும்பு.

நான் கடைகளைப் பற்றி நினைக்கும்போது உள்ளே என்ன இருக்கிறது என்றே நினைத்திருந்தேன். இந்தக் கடைக்கு வேண்டியது வெளியே இருந்தது. எதிரே கொஞ்சம் காலியிடம். பார்வை போய் விழ ஒரு தூரம்.

6. கடை முறையாகத் திறக்கப்படவில்லை. வெள்ளோட்டம் மட்டும். அதற்குள் கூடத்தில் இருந்தவர்கள் அட்டையைத் தங்களுடையதாக எடுத்துக்கொண்டார்கள். ரொட்டிக்கடைக்காரரை அக்கா முதலில் நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். மூன்றாவது வரியில் அவர் தயங்கினார். எதிரே கூடத்துப் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “ட-ன்னு சொல்லுய்யா.”

“மாமா, நீங்க சொல்லிக்கொடுக்காதீங்க. அவரே படிக்கட்டும்.”

“பாவம், முழிக்கிறாரே.”

“முழிச்சாதானே மாமா எனக்கு அளவு தெரியும்.”

“பரீட்சைல பெயிலாயிட்டா?”

“பெயிலானாதான் கண்ணாடி.”

குரல் டிரைவர் மாமாவுடையது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்களுக்கு உறவில்லை, ஊருக்கே மாமா. அட்டையின் கடைசி வரி வரை அவருக்கு மனப்பாடம். அதனால் அவர் கண்ணின் அளவு இதுவரை யாருக்கும் தெரியவில்லை. அவருக்காக அக்கா அட்டையைத் தலைகீழாக மாட்டிப் பார்த்தார். அவர் தலைகீழாகவும் சொன்னார்.

அந்த வாரத்தில் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன். அலுவலகப் பயன்பாட்டுக்கு உதவலாம். “கண்ணு தெரியலன்னு யாரும் வீட்லேருந்து கெளம்பி வர்றதில்லடி. சும்மா வந்தவங்கதான், வந்த எடத்துல, கண்ணு தெரியலன்னு கண்டுபிடிக்கிறாங்க.”

7. இந்நிலையில்தான் தாங்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தினீர்கள். நல்ல கூட்டம். ஒலிபெருக்கி கரகரத்தது, நாற்காலி பற்றவில்லை, ஆனாலும் எல்லோரும் வந்தார்கள். எங்களை யாரும் எதுவும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. தாங்கள் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் நடந்து வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். “நீங்க கடைவீதிக்கு எதுக்காக வர்றீங்க?”

டிரைவர் மாமா எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். “சும்மாதான் சார்” என்றார்.

சிரிப்பு. அடுத்தவர் தையல்காரர். “நானும் சும்மாதான்.” அவர் மனைவி: “இவரு வர்றாரேன்னு சும்மா வருவேன்.” என் அம்மா: “சும்மாதாங்க. இவங்கல்லாம் வந்திருப்பாங்களேன்னு.” வரிசை முழுவதும் இதே பதில் போனது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுத்துப் பேசுவது எங்கள் ஊர் வழக்கம். அன்று மட்டும் ஒற்றுமை.

கடைசியில் ரொட்டிக்கடைக்காரர். “அவங்க சும்மா வர்றாங்க சார். அவங்க வர்றதால நான் கடை தொறக்கறேன்.” இந்தப் பதில் நடவடிக்கைக் குறிப்பில் இல்லை. தாங்கள் கேட்டது கடைவீதிக்கு ஏன் வருகிறீர்கள் என்று. அவர் வருவதில்லை, அங்கேயே இருக்கிறார்.

8. குறிப்பு வெளியானதும் படித்தேன். ‘சும்மா’ என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. அது இருந்திருக்க வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் ‘நோக்கம் ஏதுமின்றி’ என்று இருந்தது.

குறிப்பை எழுதிய எழுத்தரை ஊரில் ‘திருவாளர்’ என்பார்கள். எல்லார் பெயருக்கும் முன்னால் திரு போடாமல் அவருக்குப் பேனா ஓடாது. அவர் மீது எனக்குப் புகார் இல்லை. அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்பதை இப்பத்தியில் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். அவரும் மாலையில் அலுவலகம் விட்டதும் கூடத்துக்கு வந்து உட்காருகிறவர்தான். அங்கே வைத்தே கேட்டேன்.

“சார், நாங்க சும்மான்னுதானே சொன்னோம்?”

“சொன்னீங்கம்மா. அதை அப்படியே எழுத முடியுமா? மேலிடத்துக்குப் போற குறிப்பு. சும்மான்னு எழுதினா ஊரே வெட்டியா உட்கார்ந்திருக்குன்னு நினைக்க மாட்டாங்களா?”

“இப்ப அதைத்தானே சார் நினைக்கிறாங்க.”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு, குரலைத் தாழ்த்தி: “நல்ல தமிழ்ல அதுக்கு ஒரு வார்த்தை தேடினேம்மா. ஒண்ணும் ஒட்டல. இது ஒண்ணுதான் கொஞ்சம் மரியாதையா இருந்துச்சு.”

ஊரைக் கௌரவமாகக் காட்ட வேண்டும் என்று, பேச்சுத் தமிழுக்குச் சலவைச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார். சட்டை மிடுக்காக இருந்தது. உள்ளே இருந்த ஆள் வேறு யாரோ ஆகிவிட்டார். நான் பல்கலைக்கழகத்தில் மொழி படித்தவள். அன்று இரவு நானும் அந்தச் சொல்லுக்கு எழுத்து வழக்கில் ஓர் இணை தேடினேன். வீணாக, வெறுமனே, காரணமின்றி, பொழுதுபோக்காக. ஒவ்வொன்றும் அருகில் வந்து நின்றது. எதுவும் உட்காரவில்லை.

9. எனவே சொல்லை விட்டுவிட்டு, சொன்னவர்களைக் கேட்டேன்.

டிரைவர் மாமா: “மருமக வீட்லேருந்து பாடம் எடுக்குதும்மா, கம்ப்யூட்டர்ல. வீட்ல ஃபேன் இருக்கறது முன் ரூம்ல மட்டும்தான், அது பாடம் எடுக்கறது உள் ரூம்ல. நான் இருந்தா அது கதவைச் சாத்திக்கணும். சாத்தினா புழுங்கும், பாவம். நான் இங்க வந்துட்டா கதவு தொறந்திருக்கும்.”

“இதை மீட்டிங்ல சொல்லியிருக்கலாமே மாமா.”

“மைக்லயா? எம் மருமகளப் பத்தியா?”

தையல்காரரின் மனைவி: “வீட்ல பேசினா சண்டையாயிடுது. இங்க நாலு பேர் பாக்கறாங்கல்ல, மனுஷன் மெதுவா பேசுவாரு.” தையல்காரரைத் தனியாகக் கேட்டேன். “இங்கதான் அவ என் பேச்சக் கேக்கறா” என்றார். இருவர் சொன்னதையும் அடுத்தவரிடம் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம்.

அம்மாவைக் கேட்கத் தேவையில்லை. மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்தால் அக்காவின் கடை வாசல் நேராகத் தெரியும். அம்மா கடைக்குள் போக மாட்டார். வேவு பார்க்கிறார் என்று அக்கா நினைத்துவிடுவார் என்பதால். பெஞ்சில் உட்கார்ந்து வேறு எங்கோ பார்ப்பதுபோல் பார்ப்பார். அக்காவுக்கு இது தெரியும். நாற்காலியை ஒரு நாள் சற்றுத் தள்ளிப் போட்டார், அம்மாவுக்குத் தூண் மறைக்கிறது என்று.

ஐயா, இவர்களில் எவரிடமும் நோக்கம் இல்லாமல் இல்லை. ஒலிபெருக்கியில் சொல்ல முடியாத நோக்கம். வீட்டு விஷயத்தை வீதியில் போடாமல், பொய்யும் சொல்லாமல், ஒருவர் சொல்லக்கூடிய பதில் எங்கள் மொழியில் ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டவர் அதற்குமேல் கேட்க மாட்டார். தாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. அது தங்கள் பண்பு. எழுதும்போதுதான் அந்தப் பண்பு தவறிவிட்டது.

10. வரைவின்படி கூடம் போய் அங்கே வாகன நிறுத்தம் வரும். அதைச் சுற்றி விளம்பரப் பலகைகளுக்காக உயரமான சுவர். அக்காவின் கடைக்கு எந்தச் சேதமும் இல்லை என்று வரைபடம் காட்டுகிறது. உண்மை. கடை இருக்கும். எதிரே, சந்தின் அகலத்தில், சுவர் இருக்கும். அட்டையை அந்தச் சுவரில் மாட்டினால் கடைசி வரியை எல்லோரும் படித்துவிடுவார்கள். ஊரில் ஒருவருக்கும் கண்ணாடி தேவைப்படாது.

அட்டையை எங்காவது மாட்டிக்கொள்ளலாம் என்றே வைத்துக்கொள்வோம். சும்மா வருகிறவர்களை எங்கே மாட்டுவது?

வரைவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட அன்று அக்கா கூடத்துக்குப் போய் அட்டையைக் கழற்றி, சுருட்டி, அலமாரி மேல் வைத்தார். அதே வாரம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் இடத்துக்கு இன்னும் யாரையும் எடுக்கவில்லை, திரும்பி வருவதானால் மாத முடிவுக்குள் சொல்ல வேண்டும். அக்கா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு பைகளும் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தன. தூசி தட்டத்தான் என்றார். வீட்டில் மூவரும் அந்தப் பைகளைச் சுற்றிக்கொண்டு நடந்தோம்.

மறுநாள் டிரைவர் மாமா மாடிப்படிக்குக் கீழே நின்று கூப்பிட்டார். “அட்டைய எங்கம்மா? பாக்காம இருந்தா கடைசி வரி மறந்துடும்.” அக்கா எடுத்துக் கொடுத்தார். அவரே கொண்டுபோய் மாட்டினார். கோணலாக. அக்கா போய் நேராக்கவில்லை.

11. அடுத்து எழுதுவதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

தாங்கள் உதவியாளருடன் கூடத்தை அளக்க வந்தீர்கள். நான் மாடி ஜன்னலில் இருந்தேன்; அங்கிருந்து தெரியாததையும் கேட்காததையும் அக்கா பிறகு சொன்னார். உதவியாளர் அளவைக் குறித்துக்கொண்டிருந்ததால் நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. டிரைவர் மாமா எழுந்து பிடித்தார். தான் உட்காரும் இடத்தை இடிப்பதற்கான அளவு அது என்று அவருக்குத் தெரியும். “நேரா புடிக்கறனா சார்?” என்று இரண்டு முறை கேட்டார். வேலை முடிந்து உதவியாளர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். தாங்கள் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலணியைக் கழற்றி உதறினீர்கள். சிறு கல் விழுந்தது. காலணியைத் திரும்பப் போடவில்லை. ரொட்டிக்கடையிலிருந்து தேநீர் வந்தது. தாங்கள் கேட்டதாகத் தெரியவில்லை.

“என்ன சார், அளவு இன்னும் முடியலையா?” என்று டிரைவர் மாமா கேட்டார்.

“முடிஞ்சிடுச்சு. சும்மா உட்கார்ந்தேன்” என்றீர்கள்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சற்று நகர்ந்து இடம் விட்டார்.

அந்தச் சும்மாவுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஏதேனும் இருக்கலாம். அலுவலகத்தில் இருக்கலாம். அலுப்பாகவும் இருக்கலாம். தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் ‘நகரத் திட்ட அலுவலர் நோக்கம் ஏதுமின்றிக் கூடத்தில் அமர்ந்திருந்தார்’ என்று யாராவது குறிப்பு எழுதினால், அது பொய் என்று சாட்சி சொல்ல இக்கடைவீதி முழுவதும் வரும்.

பிறகு தங்கள் பார்வை தூணில் இருந்த அட்டைக்குப் போனது. உதடு அசைந்தது. நான்காவது வரியில் நின்றது. அக்கா வாசலிலிருந்து, “கீழ் வரி சார்?” என்றார். தாங்கள் எழுந்து, தூணின் உறுதியைச் சோதிப்பதுபோல் அருகே சென்று தட்டிப் பார்த்தீர்கள். டிரைவர் மாமா தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “ற, ன, ம… சார்.” அவர் சொல்லிக்கொடுக்காமல் இருந்திருக்க வேண்டும். அக்கா அவரை அன்று முழுவதும் திட்டினார். நல்ல திட்டு. பல நாட்களுக்குப் பிறகு அக்காவின் குரல் மாடிவரை கேட்டது.

12. வாகனங்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது. கடைவீதியின் பின்புறம் மூடிக் கிடக்கும் சரக்குக் கிடங்கின் மனை நகர மன்றத்துக்கே சொந்தம். இப்போதும் சனிக்கிழமைகளில் வண்டிகள் அங்கேதான் நிற்கின்றன, முள்ளுக்கு நடுவே. முள்ளை வெட்டித் தருவதாகத் தையல்காரர் பொறுப்பேற்றுள்ளார். அவரால் முடியாது என்று அவர் மனைவி சொல்லியுள்ளார். எனவே அது நடந்துவிடும்.

13. மேற்கண்ட காரணங்களால் கேட்டுக்கொள்வது:

(அ) நடவடிக்கைக் குறிப்பில் ‘நோக்கம் ஏதுமின்றி’ என்று வரும் இடங்களில் எல்லாம், சொன்னவர்கள் சொன்னபடியே ‘சும்மா’ என்று எழுதப்பட வேண்டும். எழுத்து வழக்குக்குப் பொருந்தாது என்ற தயக்கம் வேண்டாம். இம்மனுவின் பிழைகளை ஒருவர் திருத்திக் கொடுத்தார். அரசுப் பணியில் இருப்பதால் இன்னார் என்று குறிப்பிடவில்லை. சந்திப் பிழைகள் அனைத்தையும் களைந்தார். ஓரிடத்தில் எனக்கும் திரு போட்டார். ‘சும்மா’வின் மேல் மட்டும் அவர் பேனா வைக்கவில்லை.

(ஆ) கூடத்தை இடிக்கும் பத்தி நீக்கப்பட வேண்டும். கூரைத் தகரத்தை மாற்றித் தந்தால் நன்றி.

(இ) கூட்டத்தை மறுமுறை கூட்ட வேண்டும். நகர மன்றத்தில் வேண்டாம், கூடத்திலேயே, ஒலிபெருக்கி இல்லாமல். கேள்வியையும் மாற்ற வேண்டுகிறேன். எதற்காக வருகிறீர்கள் என்பதற்குப் பதிலாக, “நீங்க ஒரு நாள் வரலன்னா யார் தேடுவாங்க?” என்று கேட்கலாம். இதற்கு யாரும் சும்மா என்று சொல்ல முடியாது. சென்ற மழையில் டிரைவர் மாமா காய்ச்சலில் படுத்தபோது ரொட்டிக்கடைக்காரர், தையல்காரர், என் அம்மா மூவரும் தனித்தனியாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று மருமகள் கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலைத் தாங்களே ஊகிக்கலாம்.

14. மனுவை முடித்து வைத்திருந்தேன். இன்று காலை நடந்ததையும் சேர்க்க வேண்டியதாகிவிட்டது.

அக்கா மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினார். வரவில்லை என்று சொல்லிவிட்டார். தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. மாத முடிவுக்கு இன்னும் நாள் இருந்தது. “அந்த ஆபீசர் என்ன எழுதுவாரோ, எப்படியோ, அதுக்குள்ள…” என்று அம்மா இழுத்தார். “அவரு அவரு வேலையப் பாக்கட்டும்மா. எனக்கு நாளைக்குக் கடை தொறக்கணும்” என்றார் அக்கா. ஷட்டருக்கு எண்ணெய் போட இறங்கிப் போய்விட்டார். போகிற வழியில் அட்டையை நேராக மாட்டியதை மாடியிலிருந்து பார்த்தேன். அம்மா பைகளைக் கட்டிலுக்கு அடியில், கைக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளினார்.

ஆகவே இனி அக்காவுக்குத் திரும்பிப் போக ஓர் இடம் இல்லை. இருப்பது இந்தக் கடையும் அதன் எதிரே உள்ள தூரமும்தான். தங்களை நெருக்குவதற்காக இதை எழுதவில்லை என்று முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். நெருக்குவதற்காகத்தான் எழுதுகிறேன்.

தாங்கள் நல்லவர் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் ஊரில் இது எளிதில் நடப்பதல்ல. எனவே ஒன்று மட்டும் கூடுதலாகக் கேட்கிறேன். முடிவு எதுவானாலும் தபாலில் அனுப்ப வேண்டாம். தாங்களே வந்து, கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கூட்டமாக இருந்தாலும் கவலை வேண்டாம். டிரைவர் மாமா துண்டு போட்டு இடம் பிடித்து வைப்பார்.

நாள்: கடை திறப்புக்கு முதல் நாள்.
இடம்: காத்திருப்புக் கூடம், மூன்றாவது பெஞ்சு.

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
ரொட்டிக்கடை மாடிவீட்டுச் சின்னவள்

உடன் கையொப்பமிட்டோர்:
ரொட்டிக்கடைக்காரர்
தையல்காரர்
தையல்காரரின் மனைவி (கணவருக்கு மேலே இடம் கேட்டார், தாளில் இடமில்லை)
டிரைவர் மாமா
மாடிவீட்டு அம்மா